மாமா சிங்கப்பூரில் ஓடிய கதை

எங்கள் வீட்டில் கொலைக்கு அடுத்த குற்றமாக ஒன்று இருந்தது. வாசல் தாண்டிப் புறப்பட்டுவிட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது. அப்பா மலாயாவின் ஜொகூரில், குளுவாங் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார். வண்டி கிளம்பும்போது மணி அடிப்பது, கொடி காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. இவ்வளவு பொறுப்பான மனிதர் பாதி நாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போவார். வேறு வீடாக இருந்தால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. அம்மா கொடுக்கமாட்டாள். தூக்கை எடுத்துக்கொண்டு புழக்கடை வழியாக இறங்கி, ரயில்வே குவாட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் ஓடி, கோழிக்கூடுகளைச் சுற்றி, சாக்கடையைத் தாண்டி, அப்பா வருகிற பாதைக்கு முன்னால் போய் மூச்சு வாங்க நிற்பாள். அப்பாவும் ஏதோ எதிர்பாராமல் அவளைச் சந்தித்தவர்போல வாங்கிக்கொண்டு போவார்.

தப்பித்தவறி யாராவது கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பரிகாரமும் இருந்தது. போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, முதலிலிருந்து புறப்பட வேண்டும். காய்கறி விற்கும் சீனர் ஒருவர் ஒருநாள் எங்கள் வாசலைத் தாண்டிப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டுவிட்டாள். அம்மா அவரைத் திரும்ப அழைத்து வந்து, தோளில் கிடந்த கூடைக் காவடியை இறக்கச் சொல்லி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வந்தாலே முதலில் உட்கார்ந்துவிடுவார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். வேலை, டிராலி தள்ளுவது. இன்றைக்கு அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. தண்டவாளத்தைப் பார்வையிட வரும் துரை, நான்கு சக்கரம் வைத்த பலகை வண்டியில் நாற்காலி போட்டுக் குடையோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு தண்டவாளத்தின்மேல் வெறுங்காலோடு ஓடிக்கொண்டே அதைத் தள்ள வேண்டும். இறக்கத்தில் வண்டியிலேயே தொற்றிக்கொள்ளலாம். ஏற்றம் வந்தால் ஓட்டம்தான். மாமாவோடு சேர்ந்து தள்ளிய ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மாமா மாறவில்லை. பக்கத்து ஊர் ரெங்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்த ஒருநாள், பின்னால் மூச்சுச் சத்தமே இல்லையே, ஆள் விழுந்துவிட்டானா என்று துரை திரும்பிப் பார்த்தாராம். மாமா வெற்றிலை மென்றபடி ஓடிவந்துகொண்டிருந்தாராம். இது அப்பா சொன்னது. அப்பா சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் துரைக்கு ஓட்டப் பந்தயத்தில் பைத்தியம். தோட்டத்துத் துரைமார் நடத்திய விளையாட்டுகளிலெல்லாம் மாமாவை ஓடவிட்டுப் பார்த்தார். மாமா எல்லாவற்றிலும் முதலில் வந்தார். கடைசியில் சிங்கப்பூரில் நடக்கவிருந்த பெரிய பந்தயத்துக்குத் துரையே மாமாவின் பேரைக் கொடுத்துவிட்டார். மூன்று மைல் ஓட்டம். மலாயா முழுவதிலிருந்தும், ஜாவாவிலிருந்தும், சயாமிலிருந்தும் அங்கங்கே முதலாவதாக வந்த ஆட்கள் வருவார்கள். அதிலும் மாமா முதலாவதாக வந்துவிட்டால் சீமைக்குக் கப்பலேற்றி, அங்கேயே வைத்துப் பழக்கி, உலகத்து ஓட்டக்காரர்களோடெல்லாம் ஓடவைக்கப் போவதாகத் துரை சொல்லியிருந்தார்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். "ஆட்டு பாப்பா, நல்லா ஆட்டு. கப்பல்ல மயக்கம் வருமாம், இப்பவே பழகிக்கிறேன்." நான் கட்டில் காலைப் பிடித்து ஆட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். சிரித்துக்கொண்டே இருப்பார். எத்தனையோ நாள் அந்த ஆட்டத்தில் அவருக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

கப்பல் என்ற சொல்லை அம்மா மட்டும் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கதை ஒன்று இருந்தது. யாரும் சொல்லாததால் எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. அம்மாவைப் பெற்ற தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின், அம்மாவின் அப்பா, இந்தியாவில் சொந்த ஊரில் இருக்கும் துண்டு நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சிங்கப்பூரில் கப்பலேறினாராம். துறைமுகத்தில் நின்று வழியனுப்பியது பத்து வயதுகூட ஆகாத அம்மாவும், அவள் இடுப்பில் இருந்த மாமாவும். போனவர் வரவில்லை. தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் ஒரு சின்னம்மா வீட்டில் அம்மா தம்பியை வளர்த்தாள். கல்யாணத்தின்போது அப்பாவிடம் அவள் வைத்த ஒரே நிபந்தனை, தம்பியும் கூட வருவான் என்பதுதான்.

பந்தயத்துக்கு முன்னால் அம்மாவைப் பார்த்தவர்களுக்கு அவளைவிட மகிழ்ச்சியானவள் குளுவாங்கில் இல்லை என்று தோன்றியிருக்கும். மாமாவுக்குக் கால்சட்டை தைத்தாள். தினமும் கேழ்வரகுக் கஞ்சியும் முட்டையும் கொடுத்தாள். தண்டவாளத்துப் பக்கமிருந்த மாரியம்மன் கோவிலில் மஞ்சள் துணியில் காசு முடிந்து, நினைத்தது நடந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

விடிகாலை வண்டியில் புறப்பட்டோம். அப்பாவுக்கு ரயில்வே பாஸ் உண்டு. அவரோடு வேலை பார்க்கும் நான்கைந்து பேரும் மாமாவுக்காகக் கூட வந்தார்கள். ஊரை ஒட்டிய லம்பாக் மலையை மூட்டம் மூடியிருந்தது. இரவெல்லாம் இரைதேடிவிட்டுப் பழந்தின்னி வௌவால்கள் கூட்டங்கூட்டமாக மரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. எல்லாம் வீடு திரும்பும் நேரத்தில் நாம் மட்டும் எங்கோ போகிறோமே என்று எனக்கு விநோதமாக இருந்தது. அம்மா மடியில் புளிச்சோற்று மூட்டையும், துணியால் வாய் கட்டிய பித்தளைச் சொம்பும் இருந்தன. சொம்பில் எங்கள் குழாய்த் தண்ணீர். ஊர்த் தண்ணீர் மாறினால் வயிற்றுக்கு ஆகாது என்று வெளிநாட்டுக்குச் சோற்றோடு அவள் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்து, விரிந்து, மூடிக்கொண்டு போயின. ஒவ்வொரு வரிசைக்கு நடுவிலும் ஒரு நீளமான இருட்டு வழி ஒரு கணம் திறக்கும். அதன் முடிவில் யாரோ நிற்பதுபோலத் தெரியும், அதற்குள் அடுத்த வழி வந்துவிடும். நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே ஓடும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தள்ளாமலே வண்டி ஓடுவது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

ஜொகூர் பாருவில் வண்டி நின்று கிளம்பியதும் அப்பா என்னை எழுப்பினார். "இத்தோட சுல்தான் நாடு முடிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் வேற நாடு. நல்லாப் பாத்துக்க." பாலம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது கடலில் கல்லைக் கொட்டிப் போட்ட பாதையாகத்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் தண்ணீர். அவ்வளவு தண்ணீரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ரயில் மெதுவாகப் போனது. சத்தம்கூட மாறிவிட்டது, கடல் அதை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல. ஒரு நாடு முடிந்து இன்னொன்று தொடங்கும் கோடு தண்ணீரில் எங்கே இருக்கிறது என்று கண்கொட்டாமல் தேடினேன். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. நகர்ந்ததா என்று தெரியவில்லை. மாமா அதைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள்.

மைதானம் நான் கண்ட கனவுகளில் ஒன்றில் வந்திருக்க வேண்டும். அவ்வளவு பச்சை. அதில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் துரைகளும் துரைசானிகளும் கூடாரத்துக்குள் நாற்காலிகளில் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் புல்தரையில் நாங்கள், மலாய்க்காரக் குடும்பங்கள், சீனர்கள், இன்னும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். வெயில் தரையிலிருந்து எழும்பி நெளிந்ததில் தூரத்தில் நடந்தவர்களுக்குக் கால் இல்லாததுபோலத் தெரிந்தது.

சுற்றிச் சுற்றி ஓட வேண்டும் என்று தெரிந்ததும் மாமா கொஞ்சம் கலங்கினார். எந்த ரயிலும் கிளம்பிய இடத்துக்கே இப்படி வட்டமடித்து வராது அல்லவா? அவரைவிட அதிகமாகக் கலங்கியது அம்மா. மாமா ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடந்து போவார். கடந்து போனவரைப் பார்த்துக் கத்தினால் அது பின்னாலிருந்து கூப்பிடுவதாகும். அம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ரயில்வேக்காரர்கள் எல்லாரையும் கூட்டிவைத்துச் சட்டம் போட்டாள். "அவன் எதிர்ல வரும்போது எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க. நம்மளத் தாண்டிட்டான்னா ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. பாப்பா, உனக்கும்தான்."

அப்படியேதான் நடந்தது. வெடிச்சத்தம் கேட்டு எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் காலில் சப்பாத்து. மாமா மட்டும் வெறுங்காலோடு, தண்டவாளத்தின்மேல் ஓடுகிறவர்போல ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகாலை வைத்து ஓடினார். அவர் வளைவில் திரும்பி எங்கள் பக்கம் வந்ததும் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். எங்களைத் தாண்டியதும் கத்தியால் வெட்டியதுபோல நிறுத்தினோம். அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு, இது ஜொகூர்க்காரர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, பக்கத்திலிருந்த மலாய்க் குடும்பமும் அதேமாதிரி கத்தி, அதேமாதிரி அடங்கியது. கொஞ்சநேரத்தில் புல்தரையில் எங்கள் பக்கம் முழுவதும் மாமா வரும்போது இரைந்து, போகும்போது அமைதியானது. அந்த அமைதியில் அவர் பாதங்கள் புல்லில் படும் சத்தம் தூரம் போகப் போகக் கேட்டது. பெரிய மைதானம் முழுவதும் மாமா ஒருவருக்காக மூச்சு வாங்கி விடுவதுபோல எனக்கு இருந்தது. அது முடியவே கூடாது என்று ஆசைப்பட்டேன்.

சயாமிலிருந்து வந்த ஒருவரும், நெட்டையான பஞ்சாபிச் சிப்பாய் ஒருவரும் மாமாவோடு ஒட்டிக்கொண்டே வந்தார்கள். மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். பிறகு சயாம்காரர் பின்வாங்கினார், சிப்பாயும் தளர்ந்தார். மாமா தனியாக முன்னால் வந்தார். முகத்தில் களைப்பே இல்லை. கட்டிலில் படுத்துக் கப்பலுக்குப் பழகும்போது இருக்குமே, அந்தச் சிரிப்பு. இன்னும் ஒரே ஒரு சுற்று. கடைசிச் சுற்று என்று தெரிவிக்கக் கூடாரத்துப் பக்கம் ஒருவர் மணி அடித்தார்.

அது அப்படியே எங்கள் ஸ்டேஷன் மணி. வண்டி புறப்படப் போகிறது என்று அப்பா அடிப்பாரே, அதே சத்தம். மாமா எங்களைத் தாண்டிப் போனார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அந்த அமைதியில் அம்மா எழுந்து நின்றாள்.

"தம்பீ!"

அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. மாமா நின்றார். ஏதோ தடுக்கி நிற்கவில்லை. நன்றாக நின்று, திரும்பி, அம்மாவைப் பார்த்தார். பக்கத்து மலாய்ப் பெண்மணி "அலமாக்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். சிப்பாய் அவரைத் தாண்டினார். சயாம்காரர் தாண்டினார். இன்னும் யார் யாரோ தாண்டினார்கள். அதற்கப்புறம்தான் மாமா மறுபடி முன்னால் திரும்பி ஓடினார். ஓடி முடிக்கவும் செய்தார். எத்தனையாவதாக வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

துரை கூடாரத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், அதன்பிறகு டிராலியைத் தள்ளச் சொல்வதைத் தவிர அவர் மாமாவிடம் பேசியதில்லை.

மாமா மைதானத்தைக் குறுக்காகக் கடந்து எங்களிடம் நடந்து வந்தார். அம்மாவுக்கு முன்னால் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி குடுக்கா."

அம்மா சொம்பின் துணியை அவிழ்க்க முடியாமல் தவித்தாள். அப்பா வாங்கி அவிழ்த்துக் கொடுத்தார். மாமா அண்ணாந்து ஒரு வாய் குளுவாங் தண்ணீரைக் குடித்தார்.

"கூப்பிட்டுட்டேனேடா," என்றாள் அம்மா.

"கூப்பிட்டே. வந்துட்டேன்ல," என்றார் மாமா. அவர் குரலில் கோபம் இருக்கிறதா என்று நான் உற்றுக் கேட்டேன். இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அப்பாவத்தான் கூப்பிடாம விட்டுட்டேன்," என்றாள் அம்மா. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீர் குடித்தாயிற்று. முறைப்படி இனி அவர் எழுந்து புதிதாகப் புறப்பட வேண்டும். நான் அதற்காகவே காத்திருந்தேன். எழுந்து இன்னொருமுறை ஓடினால் எல்லாரையும் பிடித்துவிடுவார் என்று நம்பினேன். மாமா எழுந்திருக்கவில்லை. மைதானத்தில் அடுத்த பந்தயத்துக்குக் கயிறு கட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, "மாப்பிள்ளைக்கு வயித்துல பிடிச்சுக்கிச்சு, இல்லேன்னா கப்பல்தான்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கூட வந்த ரயில்வேக்காரர்களும் கேட்டதைக் கேட்காததுபோலவே இருந்துவிட்டார்கள். எனக்கு அம்மாமேல் தாங்க முடியாத கோபம். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுவிட்டு, தானே மறந்துபோய் மீறிவிட்டாளே என்று. அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனால் கோபம் முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. மாமா கப்பலேறவே இல்லை. வயதாகும்வரை அந்தப் பாதையில்தான் ஓடினார். அவருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் கயிற்றுக் கட்டிலில் ஆடுவதைப் பார்க்கும்போது, இவருக்கு வேறொரு வாழ்க்கை இருந்திருக்குமே என்று எனக்கு வயிறு எரியும். அதேநேரம், இடுப்பில் தம்பியோடு துறைமுகத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தச் சின்னப் பெண்ணை நினைத்தாலும் அதே வயிறுதான் எரியும். கடைசிச் சுற்றில் ஓடுகிறவருக்கு ஒரு குரல் கேட்பதே அதிசயம். கேட்டும் கேளாததுபோல ஓடியிருக்கலாம். மாமா நின்றார். அதை அம்மாவின் கணக்கில் மட்டும் எழுதவும் மனம் வரவில்லை.

இதெல்லாம் பிறகு வந்த யோசனைகள். அன்றைக்கு எனக்கு விளங்காமல் போனது வேறொன்று.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தாள். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் ஆச்சரியம். நானும் அவள் பின்னாலேயே கோவிலுக்குப் போய், வீடு திரும்பும்வரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன்.

"மாமாதான் ஜெயிக்கலையே. அம்மன் ஒண்ணுமே குடுக்கல. அப்புறம் எதுக்கும்மா பால்குடம்?"

அம்மா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"அவ குடுத்துட்டாடி."

கொடுத்துவிட்டாளா? எனக்குத் தெரியாமலா? வெள்ளிக் கோப்பையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினேன். சாமி படத்துக்குப் பின்னால், அடுக்குப் பாத்திரங்களுக்கு நடுவில், புழக்கடையில் கோழிக்கூட்டில்கூடத் தேடினேன். போன வாரம் இல்லாத எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் மாமா மட்டும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.